வெள்ளை டீ வெந்நீர் மாதிரி இருக்கா? ஸ்பூனை ஓரமா வைங்க

வெள்ளை டீ வாங்கி ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு, ஒரு ருசியும் இல்லையேன்னு டப்பாவை மூடி வச்சவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எனக்கும் முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் இருந்துச்சு, டீ மேல குறை இல்ல, அளந்த விதம்தான் தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

முதல்ல எதை வாங்குறதுன்னு பார்ப்போம். இதோட சொந்த ஊர் சீனாவுல ஃபுஜியான் மாகாணம், அதுலயும் ஃபுடிங், ஜெங்ஹேன்னு ரெண்டு இடம்தான் முக்கியம். கருப்பு டீ, பச்சை டீ வர்ற அதே செடிதான், ஆனா இங்க கொழுந்தைப் பறிச்சு வாட விட்டு அப்படியே காய வச்சிடுவாங்க, உருட்டுறது கிடையாது, பச்சை டீக்குப் பண்ற மாதிரி சூடான சட்டியில வறுக்குறதும் கிடையாது. வாட்டலே ஒன்றரை நாள், ரெண்டு நாள், சில சமயம் மூணு நாள் கூட ஆகும். கேக்க சுலபமா இருந்தாலும் மழை வந்தா, காத்து ஈரமா இருந்தா மொத்தமும் கெட்டுடும், அதனாலதான் எனக்கு இந்த டீ மேல இவ்வளவு மரியாதை.

வெறும் மொட்டு மட்டும் இருந்தா அது பாய் ஹாவ் யின் ஜென், வெள்ளி ஊசின்னு அர்த்தம். ஒரு மொட்டும் கூட ஒண்ணு ரெண்டு இலையும் இருந்தா பாய் மு டான். முத்தின இலை நிறைய இருந்தா ஷோ மேய். புதுசா ஆரம்பிக்கிறவங்க பாய் மு டான்ல ஆரம்பிங்க, நான் அடிச்சு சொல்லுவேன். வெள்ளி ஊசி விலையும் அதிகம், ருசியும் ரொம்ப மெல்லிசு, பழகாத நாக்குக்கு அது பிடிபடாது.

சீனாவை ஆண்ட சோங் வம்சத்து அரசர் ஹுயிசோங் 1107 வாக்குலயே வெள்ளை டீயைப் புகழ்ந்து எழுதியிருக்கார்னு நிறைய பாக்கெட்ல போட்டிருப்பாங்க. எழுதினது உண்மைதான், ஆனா அவர் சொன்னது அபூர்வமா வெளிறின இலை விடுற மரத்தைப் பத்தி, அந்தக் காலத்துல டீயை ஆவியில வேக வச்சு, அழுத்திக் கட்டியாக்கி, பொடிச்சுக் கலக்கிக் குடிச்சாங்க. நாம இப்ப குடிக்கிற மாதிரியான வெள்ளை டீ அதுக்குப் பல நூறு வருஷம் கழிச்சு வந்தது.

இப்ப நான் மாட்டின இடத்துக்கு வர்றேன். எல்லா டீக்கும் போல கப்புக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். வெள்ளை டீ உருட்டாத இலை, சருகு மாதிரி பொசுபொசுன்னு இருக்கும், ஸ்பூன்ல நிறைய இருக்குற மாதிரி தெரியும், ஆனா எடை போட்டுப் பார்த்தா ஒரு கிராம் கூட தேறல! 150 மில்லி தண்ணிக்கு 3 கிராம் வேணும், அதாவது நான் மூணுல ஒரு பங்கு டீயைப் போட்டுட்டு ருசி இல்லைன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். அதனால தெர்மாமீட்டர், அழகான கெட்டில் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க. அது இல்லாத வரைக்கும் கையால தாராளமா ஒரு பிடி எடுத்துப் போடுங்க.

அடுத்தது தண்ணி. கொதிச்சதும் வேற பாத்திரத்துக்கு ஒரு தடவை மாத்தினாலே ஏறக்குறைய 10 டிகிரி இறங்கிடும், பாய் மு டானுக்கு அந்த சூடு போதும். வெள்ளி ஊசிக்கு இன்னும் கொஞ்சம் ஆற விட்டு 80லிருந்து 85க்குள்ள ஊத்துங்க. ஷோ மேய்க்கு ஆற விடவே வேணாம், கொதிக்கக் கொதிக்க ஊத்தலாம். பாய் மு டான் 3 நிமிஷம், வெள்ளி ஊசி 5 நிமிஷம், ஏன்னா மொட்டு மேல இருக்குற வெள்ளை ரோமம் தண்ணியை சீக்கிரம் உள்ள விடாது, முதல்ல மிதக்கும், அப்புறம்தான் மெதுவா இறங்கும். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வெளிர் மஞ்சளா இருக்கும்போதே டீ இறங்கியிருக்கும், குடிச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதே இலையில மூணு நாலு தடவை போடலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் கூட்டிக்கோங்க. இலையை உள்ள போட்டுத் தண்ணியில முக்குற உருண்டையான இன்ஃபியூசர் வேணாம், இலை விரிய அதுல இடமே இல்ல, கப்பு அளவுக்கு அகலமான வடிகட்டிதான் சரி. பால், சர்க்கரை சேர்த்தா அந்த வைக்கோல் வாசனையும் தேன் மாதிரியான இனிப்பும் காணாமப் போயிடும், தயவுசெஞ்சு சேர்க்காதீங்க.

உடம்புக்கு நல்லதான்னு கேட்டா, டீ இலையில இயற்கையா இருக்குற கேட்டச்சின்கள்ங்கிற பொருட்கள் நிறைய இருக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட்டா வேலை செய்யும், சர்க்கரை இல்லாம குடிக்கிறதே பெரிய லாபம். ஆனா கேன்சரைத் தடுக்கும், எடையைக் கரைக்கும்னு போடுறதெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துல செல்கள் மேல பார்த்தது, மனுஷங்ககிட்ட நடந்த ஆய்வு ரொம்பக் குறைவு. கஃபைன் கம்மின்னு சொல்றதையும் நம்பாதீங்க, இளம் மொட்டுலதான் கஃபைன் அதிகம், தூக்கம் வராதவங்க சாயங்காலத்துக்கு மேல தவிர்க்கணும். ரத்தசோகை இருக்குறவங்க சாப்பாட்டோட குடிக்காதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேர்றதை டீ குறைக்கும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.

அப்டேட்: கப்புல தூசி மாதிரி மிதக்குதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது அந்த மொட்டு ரோமம்தான், பயப்படாம குடிக்கலாம்.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் நான் சொன்ன மாதிரியே போட்டும் பச்சை டீ ருசிதான் வருதுன்னு சொன்னார், பாக்கெட்டைப் பார்த்தா ஆன்ஜி பாய் சா. பேர்ல 'வெள்ளை' இருக்கே தவிர அது ஜெஜியாங் மாகாணத்துப் பச்சை டீ, இலை வெளிறி இருக்குறதால அந்தப் பேர். வாங்கும்போது ஃபுடிங் இல்லைன்னா ஜெங்ஹேன்னு போட்டிருக்கான்னு பாருங்க. இலங்கை, டார்ஜிலிங், நீலகிரியிலயும் வெள்ளை டீ பண்றாங்க, ருசி வேற மாதிரி இருக்கும், ஆனா போடுற முறை இதேதான்.

வெயில் காலத்துக்குக் கேட்டவங்களுக்கு: ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியில 10 கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலையில வடிகட்டி அன்னைக்கே குடிச்சு முடிச்சிடுங்க.