பழைய ஷெவர்லே லாரியில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹீட் ரைசரும் மாத்துறது எப்படி

1940, 50கள்ல வந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் ஷெவர்லே வச்சிருக்கவங்க முதல்ல ஹீட் ரைசர் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிடுங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுன்னா சிலிண்டர்கள்ல இருந்து வர்ற புகைய ஒண்ணா சேத்து சைலன்சர் பைப்புக்கு விடுற வார்ப்பிரும்புக் குழாய், அதுக்குள்ள ஒரு இரும்புத் தகடு, அதோட ஷாஃப்ட் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதுல சுருள் ஸ்பிரிங்கும் ஒரு எடைக்கட்டியும் இருக்கும். இஞ்சின் ஆறிக் கெடக்கும்போது தகடு சூட்டுப்புகைய இன்டேக்கோட (பெட்ரோலும் காத்தும் இஞ்சினுக்குள்ள போற குழாய்) அடியில திருப்பி விடும், பெட்ரோல் நல்லா ஆவியாகும், சூடானதும் ஸ்பிரிங் தளர்ந்து புகை நேரா சைலன்சர் பைப்புக்குப் போயிரும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காத்துல ஷாஃப்ட் துருப்பிடிச்சு, தகடு மூடுனபடியே இறுகிட்டா தொல்லைதான், கார்புரேட்டர் அடியில ஓயாம சூடு ஏறி பேச்சிப்பாறை ஏத்தத்துல வண்டி இழுக்காது, நிறுத்தி எடுத்தா பெட்ரோல் கொதிச்சு ஸ்டார்ட் ஆகாது, போகப்போக மேனிஃபோல்டே கீறிரும்.

முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. மறுநாள் இஞ்சின் ஆறியிருக்கும்போது பேட்டரி நெகட்டிவ் கழட்டி, பெட்ரோல் லைன அடைச்சு, ஏர் கிளீனர், கார்புரேட்டர், சைலன்சர் பைப் கழட்டணும். நட்டு வரலன்னா பலங்கொண்டு திருகாதீங்க, ஸ்டட் (நட்டு ஏறுற மரை போட்ட கம்பி) ஒடிஞ்சா ஹெட்ல, அதாவது இஞ்சினோட மேல்மூடியில, துளை போடுற வேலை வந்திரும், கொஞ்சம் முன்னயும் பின்னயும் அசைச்சு அசைச்சு எடுங்க. புகை கசியாம இடையில வைக்கிற பழைய கேஸ்கட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பிருக்கு, மாஸ்க் போட்டு, தண்ணி நனைச்சுத்தான் சுரண்டணும்.

இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேந்தாப்ல வெளிய வரும், கனம் அதிகம், கூட ஒரு ஆள் வேணும். நடுவுல உள்ள போல்ட்ட கழட்டிப் பிரிச்சா தகடு கண்ணுக்குத் தெரியும். புது மேனிஃபோல்ட்லயும் ஷாஃப்ட்ட விரலால திருப்பிப் பாருங்க, தடங்கலில்லாம சுத்தி, விட்டதும் ஸ்பிரிங் திரும்ப இழுக்கணும். ஷாஃப்ட்டுக்கு கிராஃபைட் மட்டும் போடுங்க, இஞ்சின் ஆயில் கருகி மறுபடி இறுக்கிரும்.

மாட்டுறதுலதான் கவனம் வேணும். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவுல புது கேஸ்கட் வச்சு ரெண்டையும் லூசா சேருங்க, அப்படியே ஹெட்ல ஏத்தி, நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துக்கும் கொஞ்சங் கொஞ்சமா மேனுவல்ல சொன்ன அளவுக்கு டைட் வைங்க, அதுக்கப்புறந்தான் ரெண்டையும் சேக்குற போல்ட்ட முறுக்கணும். அத முதல்லயே முறுக்கிட்டா ஹெட்ல ஒட்டுற ரெண்டு முகமும் ஒரே மட்டத்துல உக்காராது, ஹெட்ல இறுக்கும்போது வார்ப்பிரும்பு கீறிரும். மட்டப்பலகை வச்சுப் பாத்து இடைவெளி தெரிஞ்சா, சேத்தபடியே லேத் பட்டறையில குடுத்து முகம் சீவி வாங்கிக்கிடுங்க.

ஸ்டார்ட் பண்றது வெட்டவெளியில இருக்கட்டும், ஷெட்டுக்குள்ள புகை தேங்குனா உயிருக்கே ஆபத்து. டிக் டிக்னு சத்தம் கேட்டா எங்கயோ லீக் இருக்கு. நல்லா சூடாகட்டும், எடைக்கட்டி மெல்லத் திரும்புதான்னு பாருங்க, பிறகு வண்டி முழுசா ஆறுனதும் எல்லா நட்டையும் இன்னொரு தடவ டைட் வச்சிருங்க.