பழைய நாணயத்தை அடையாளம் காணும் முறை: தொடக்க நிலையினருக்கான விளக்கம்

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி அதன் விலை என்ன என்பதுதான். எந்த நாடு, யாருடைய ஆட்சி, என்ன மதிப்பு, எந்த ஆண்டு என்ற நான்கும் தெரியாதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. இவற்றுள் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஆண்டு என்பதால், அதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

படி 1: கழுவ வேண்டாம்

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்கவும். அமிலம், பற்பசை, பாலிஷ் என எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேற்பரப்பின் நுண்ணிய கோடுகள் அழிந்துவிடும். அவற்றை மீட்க வழியில்லை.

படி 2: படிப்பதற்கு முன் அளக்கவும்

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு, விட்டத்தை அளக்கும் வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம் ஆகியவை போதும். எடை, விட்டம், விளிம்பின் தன்மை (வரியுடையதா, வழுவழுப்பானதா, எழுத்துடையதா) மூன்றையும் குறித்துக்கொள்ளவும். இரும்பும் தூய நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். தங்கம், வெள்ளி, செம்பு ஒட்டாது. ஆனால் செம்பும் நிக்கலும் கலந்த வழக்கமான நாணய உலோகமும் ஒட்டாது என்பதால், ஒட்டவில்லை என்ற ஒன்றை வைத்தே வெள்ளி என்று முடிவு கட்டக் கூடாது. விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால், அது அச்சில் அடிக்கப்படாமல் அச்சுவார்ப்பில் ஊற்றிய போலியாக இருக்கலாம். சதுரத் துளையுள்ள பழைய சீனக் காசுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அசல் காசுகளே வார்த்துத்தான் செய்யப்பட்டன.

படி 3: நாட்டைக் கண்டறியவும்

பல நாணயங்களில் நாட்டின் பெயர் அந்நாட்டு வழக்கிலேயே இருக்கும்: ஹெல்வெட்டியா என்றிருந்தால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, மாகியார் என்று தொடங்கினால் ஹங்கேரி. பழைய பிரிட்டிஷ் நாணயங்களிலோ நாட்டின் பெயரே இல்லாமல், அரசரின் பெயரும் பட்டங்களும் இலத்தீன் சுருக்கங்களாக மட்டுமே காணப்படும். ஆண்டு தேய்ந்து படிக்க முடியாதபோது அதைக் கணிக்கவும் இந்தப் பட்டங்கள் உதவும். ஆறாம் ஜார்ஜின் நாணயங்களில் 1948 வரை இருந்த 'இந்தியாவின் பேரரசர்' என்னும் பட்டம் 1949 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

படி 4: ஆண்டைக் கணக்கிடவும்

நாணயத்தில் உள்ள எண் கிறித்தவ ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்து நாணயங்களின் பௌத்த ஆண்டிலிருந்து 543-ஐக் கழிக்க வேண்டும். 2500 என்பது 1957 ஆகும். ஜப்பானிய நாணயங்கள் பேரரசரின் ஆட்சியாண்டைக் காட்டுபவை. பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலமான ஷோவாவின் 10-ஆம் ஆண்டு என்றிருந்தால் 1925-ஐக் கூட்டி 1935 என்று கொள்ளலாம்.

இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டுக்கு வெறுமனே 622-ஐக் கூட்டுவது தவறு, ஏனெனில் அது சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி, பிறகு 622-ஐக் கூட்டினால் அண்மையான விடை கிடைக்கும். அரபு எண்களில் புள்ளி சுழியத்தையும் சிறு வட்டம் ஐந்தையும் குறிக்கும். எழுத்து வலமிருந்து இடமாகச் சென்றாலும் எண்களை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒட்டோமான் (துருக்கி) பேரரசின் சுல்தான் ஐந்தாம் மெஹ்மதின் நாணயத்தில் 1327 என்று இருக்கும். கணக்குப்படி அது 1909. ஆனால் அது அவர் அரியணை ஏறிய ஆண்டு மட்டுமே. நாணயம் அடிக்கப்பட்ட ஆண்டை அறிய, வேறோரிடத்தில் சிறிதாகப் பொறித்த ஆட்சியாண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த எண் 7 என்றால் நாணயம் 1915-ஐ ஒட்டியது.

இதைவிடக் குழப்பமானது ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த தாலர் என்னும் வெள்ளி நாணயம். அந்த அரசி 1780-இல் மறைந்த பிறகும் அதே ஆண்டைத் தாங்கிய வெள்ளி நாணயங்கள் வணிகத்துக்காக இருபதாம் நூற்றாண்டிலும் பல நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டன. 1780 என்று பார்த்தவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது மறு அச்சாகவே இருக்கும்.

படி 5: ஒப்பிட்டுப் பதிவு செய்யவும்

நாடும் ஆண்டும் தெரிந்த பிறகே நாணயப் பட்டியலைத் திறக்கவும். படம் ஒத்திருப்பது மட்டும் போதாது, எடையும் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். தேய்மானத்தால் சற்று எடை குறைவது இயல்பு, கூடியிருந்தால் ஐயப்பட வேண்டும். கண்டறிந்த விவரங்களை ஓர் அட்டையில் எழுதி நாணயத்தோடு வைக்கவும். மென்மையான பி.வி.சி. (ஒருவகை நெகிழி) உறைகளைத் தவிர்க்கவும், அவை நாளடைவில் நாணயத்தின்மீது பச்சை நிறப் பிசுக்கைப் படியவிட்டு உலோகத்தை அரிக்கும்.