சூடான கம்பியில் பொய் அலாரம்: என் அனுபவம்

மணலியில் ஒரு ரோலிங் மில், அதாவது சூடான இரும்பை உருளைகளுக்கு இடையே அழுத்திக் கம்பியாக்கும் ஆலை. செக்கச்செவேலென்று ஓடும் கம்பியைத் தொடாமலே சோதிக்கும் எடி கரண்ட் காயில் (கம்பிக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் மாற்றத்தை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் சுருள்) என் பொறுப்பில் இருந்தது. கம்பியின் வால் பகுதி வந்தாலே விரிசல் என்று அலாரம் அடிக்கும். வெட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. காயிலை மாற்றியும் அதே கதைதான்.

அப்புறம் தொடாமலே வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டரை வைத்தேன். மற்ற இடமெல்லாம் 850 டிகிரிக்கு மேல். வாலில் மட்டும் திட்டுத் திட்டாக 700-ஐ ஒட்டி. அங்கே நிறமே மங்கிக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. சரி, காரணம் பிடிபட்டது. இரும்பு சுமார் 770 டிகிரிக்கு மேல் காந்தத்தன்மையை இழக்கும், ஆறினால் திரும்பப் பெறும். அந்தத் திட்டுகள் காந்தமாவதைத்தான் கருவி விரிசலாகக் காட்டியது.

கூலிங் தண்ணீர் தெறிக்காமல் தகடு அடித்து, கம்பி ஆறுவதற்குள் சோதிக்க, காயிலைக் கடைசி ஸ்டாண்டுக்கு (கம்பியை அழுத்தும் உருளைகள் உள்ள சட்டம்) அருகே நகர்த்தினோம். பொய் அலாரம் நின்றது. இப்போது அலாரம் அடித்தால் ஆப்பரேட்டர் நம்பி ஓடி வருகிறார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.