விருப்பப் பாடமும் கால அட்டவணையும்: என் அனுபவம்

எங்கள் கல்லூரியில் விருப்பப் பாடங்களுக்கு நேரம் ஒதுக்கும் வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. நான் செய்த தப்பு, ஆசிரியர்களின் வசதியைப் பார்த்து அட்டவணையை முதலில் போட்டதுதான். மாணவர்கள் பெயர் கொடுக்க வந்தால், புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் ஒரே பீரியடில்! இரண்டையும் கேட்டவர்கள் 23 பேர்.

சரி என்று தலைகீழாக ஆரம்பித்தேன். முதலில் கூகுள் ஃபார்மில் ஆளுக்கு மூன்று பாடம், கூடவே ஒரு மாற்றுப் பாடம். அப்புறம் எக்செல்லில் பாடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக எழுதி, ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்துக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். பூஜ்ஜியம் வந்த ஜோடி ஒரே நேரத்தில் தாராளமாக வரலாம். எண் பெரிதானால் கூடாது. அதிகப் பாடங்களோடு மோதும் பாடத்துக்கே முதலில் நேரம் ஒதுக்கினேன். இதையே வெல்ஷ், பவல் என்ற இருவர் 1967-இல் கட்டுரையாக எழுதிவிட்டார்கள் என்று கணிதத் துறை நண்பர் பிறகு சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பைத்தானுக்கு மட்டும் 71 பேர். லேபில் 40 கணினி. அதை இரண்டு பிரிவாக்கி வெவ்வேறு நேரத்தில் வைத்ததும் பாதி மோதல் தானாகவே தீர்ந்தது. கடைசியில் மாற்றுப் பாடத்துக்குப் போனவர்கள் நான்கே பேர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு யாருக்கு என்ற சண்டை மட்டும் ஆசிரியர் அறையில் இன்னும் ஓடுகிறது.