சிக்னலில் ஆடும் எஞ்சின்: வேக்கம் ஹோஸ் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

"கார் அதிகம் ஓடவே இல்லையே, ரப்பர் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்." கோலாலம்பூரில் பழைய புரோட்டோன் சாகாவோ வீராவோ வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள். வேக்கம் ஹோஸ் என்பது எஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கடத்தும் ரப்பர் குழாய். மீட்டரைப் பார்த்து அதன் வயதைக் கணக்குப் போடுவது முதல் தவறு. சாயங்கால ஜாமில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏர்கோன் போட்டு ஊரும்போது மீட்டர் நகராது, பானெட்டுக்குள் சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஹோஸைக் கெட்டியாக்கி வெடிக்க வைப்பது அந்தச் சூடும் எஞ்சின் எண்ணெய் ஆவியும்தான்.

ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்க இழுக்க அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகும். நல்ல எஞ்சினில் அது சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் இருக்கும். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர், எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை உறிஞ்ச விடும் பிசிவி வால்வு போன்றவற்றுக்கு இந்த இழுப்பைக் கொண்டுபோவது ஹோஸ்கள். அதில் ஒரு வெடிப்பு விழுந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. மிதித்து ஓட்டும்போது அதே ஓட்டை பொருட்டே இல்லை. அதனால்தான் சிக்னலில் கார் உதறும், ஹைவேயில் சமர்த்தாகப் போகும். "ஹைவேயில் நல்லாப் போகுதே" என்று விட்டுவிடாதீர்கள்.

பணம் அதிகம் கரைவது அடுத்த தவறில். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேன் செய்தால் பி0171 என்ற பிழைக் கோட் வருகிறது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். சென்சார் உள்ளதைத்தான் சொன்னது. புதிதாகப் போட்டதும் அதையேதான் சொல்லும். அப்புறம் ஐட்லிங் வால்வு, த்ராட்டில் பாடி என்று பில் நீளும். கார்புரேட்டர் இஸ்வாராவாக இருந்தால் ஃபோர்மன் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி விடுவார். உதறல் அடங்கினாலும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று: காற்றை நேரடியாக அளக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில், கோட் எதுவும் வராமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கலாம். கோட் இல்லை என்பதால் ஹோஸ் நல்லது என்று ஆகிவிடாது.

சரி, எப்படித் தேடுவது? மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதாது. வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் நுனியிலோ அடிப்பக்கத்திலோ இருக்கும். எஞ்சின் ஆறியதும் விரலால் வளைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின்மேல் அடித்துச் சோதிப்பதை நிறைய பேர் செய்கிறார்கள். எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஓடும் எஞ்சினில் சந்தேகமான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்தாலே சத்தம் மாறுவது தெரியும். காயில், பிளக் வயர் பக்கம் மட்டும் போகக் கூடாது. அகப்படாவிட்டால், புகை விட்டுச் சோதிக்கும் இயந்திரம் உள்ள வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

பிரேக் பெடல் கெட்டியாகிவிட்டால் அதை வாரக்கடைசி வேலையாகத் தள்ளிப் போடாதீர்கள், காரை எடுக்கவே வேண்டாம். பூஸ்டர் ஹோஸ் தடித்த, வலைநூல் வைத்த தனி ஹோஸ். அதிலுள்ள ஒருவழி வால்வைத் திருப்பிப் போட்டால் பூஸ்டர் வேலை செய்யாது.

மாற்றும்போது பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்து கையோடு வரும். சில வெள்ளி வேலை சில நூறு வெள்ளியாவது இங்கேதான். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காமல், ஒன்றைக் கழற்றி அதைப் போட்ட பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஜாலான் ஈப்போ கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 6 போட்டுக் கிளிப்பால் இறுக்குவது நிற்காது. மீன் தொட்டி டியூப் சூட்டில் இளகி, இழுப்பில் ஒட்டிக்கொள்ளும். நீலம், சிவப்பு சிலிக்கான் ஹோஸ் அழகுதான், சூட்டையும் தாங்கும். ஆனால் எண்ணெய் ஆவி வரும் பிசிவி பாதைக்குச் சாதாரண சிலிக்கான் ஆகாது, ஊறி உப்பிவிடும். ஹாஃப்கட் (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) எஞ்சின் இறக்குகிறவர்கள், அதோடு வரும் ஹோஸ்களை நம்ப வேண்டாம். அவை ஜப்பானிலேயே பல வருடம் வெந்தவை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றினால் கையும் எல்லா இடத்துக்கும் எட்டும்.

முடித்ததும் பிழைக் கோட் எண்ணை அழித்துவிட்டு உடனே பணம் கொடுத்து வந்துவிடாதீர்கள். ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் பாருங்கள், கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்று அது காட்டும். முன்பு 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது, சில நாள் ஓட்டத்தில் 10-க்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லையா, மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் எண்ணெய் மூடியின் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.