கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்: முதல் போட்டிக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பழைய அமெரிக்க மேற்கின் கௌபாய் உடையில், அந்தக் கால வடிவத் துப்பாக்கிகளால், எஃகுத் தகடுகளை நேரக் கணக்கோடு சுடும் போட்டி இது. இந்த விளையாட்டுக்கு ஒருவருக்கு நான்கு துப்பாக்கி வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு குண்டுக்கும் பின்னாலுள்ள ஹேமரைக் கையால் இழுத்த பிறகே சுடும்) இரண்டு, லீவர் இழுத்துச் சுடும் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. எல்லாம் 1899-க்கு முந்தைய வடிவமைப்பாக இருக்க வேண்டும். பழைய அசலாகவும் இருக்கலாம், இன்று செய்யப்பட்ட நகலாகவும் இருக்கலாம். தெற்குக் கலிஃபோர்னியாவில் 1982-ல் ‘எண்ட் ஆஃப் ட்ரெயில்’ என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது. விதிகளை வகுக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987-ல் உருவானது. இன்று அமெரிக்காவில் மாதம் ஒருமுறை போட்டி நடத்தும் உள்ளூர்க் கிளப்புகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கிளப்தான். துப்பாக்கிக் கடைக்குப் பிறகு போகலாம்.

ஆனால் கிளப்புக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது.

விசாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் தமிழர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ‘வாங்கினால்தானே தவறு, நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. கையில் எடுத்தாலே ‘வைத்திருப்பது’தான். இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதற்குரிய பயிற்சி வகுப்பை முடித்து, உரிமத்தைக் கையில் வாங்கிய பிறகே ரேஞ்சுக்குப் போங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பத்து நிமிட வேடிக்கைக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

முதல் மாதம் வெறும் கையோடு போங்கள்

கண்ணாடி, காதடைப்பான், தொப்பி மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு போட்டியைப் பார்க்கப் போங்கள். இலக்குகள் எல்லாம் எஃகுத் தகடுகள். ஈயம் அதில் பட்டுத் துகளாகத் தெறிக்கும் என்பதால் பார்வையாளருக்கும் கண்ணாடி கட்டாயம். புதிதாக வந்திருக்கிறேன் என்று சொன்னால், அநேகமாக நான்கு பேர் தங்கள் துப்பாக்கிகளைக் கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஒரே நாளில் மூன்று வகை ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்தால், கடையில் ஆகும் ஆயிரக்கணக்கான டாலர் தவறு மிச்சம்.

போட்டியின் ஒரு சுற்றான ஸ்டேஜ் என்பது பெரும்பாலும் ரிவால்வரில் பத்து, ரைஃபிளில் பத்து, ஷாட்கனில் நான்கு முதல் ஆறு. எந்தத் தகட்டை எந்த வரிசையில் சுட வேண்டும் என்று முன்பே படித்துக் காட்டுவார்கள். உதாரணமாக ‘நெவாடா ஸ்வீப்’ என்றால் மூன்று தகடுகளில் 1-2-3-2-1-2-3-2-1-2. டைமர் ஒலித்ததும் தொடங்கி, கடைசிக் குண்டு வரை ஆகும் விநாடிகள்தான் மதிப்பெண். தவறவிட்ட ஒவ்வொரு தகட்டுக்கும் 5 விநாடி கூடும். வரிசை தவறினால் 10 விநாடி. தவறியதை நின்று எண்ணும் மூன்று பேரில் இருவர் சொல்வதே முடிவு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 40 விநாடியில் எல்லாத் தகட்டையும் அடித்தவர், 30 விநாடியில் மூன்றைத் தவறவிட்டவரைவிட 5 விநாடி முன்னால் இருக்கிறார். ரிவால்வர் தகடுகள் பெரிது, ஏழு முதல் பத்து கெஜ தூரம்தான். முதல் ஆறு மாதம் வேகத்தை மறந்துவிடுங்கள்.

எதை வாங்குவது

ரிவால்வரும் ரைஃபிளும் ஒரே தோட்டாவைச் சுடுவதாக வாங்குங்கள். தொடங்குபவர் யாராக இருந்தாலும் .357 மேக்னம் துப்பாக்கி வாங்கி, அதில் சற்றுக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுடுவதே நல்லது. உதைப்பு குறைவு, விலை குறைவு, கிடைப்பது எளிது. .45 கோல்ட் பார்க்க அழகுதான். ஆனால் குறைந்த மருந்து நிரப்பிய .45-ன் பித்தளை ஓடு, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையோடு சரியாக ஒட்டாமல், புகையும் கரியும் பின்பக்கம் வரும். ஒரு எச்சரிக்கை: .357 அறையில் தொடர்ந்து .38 சுட்டால் உள்ளே கரி வளையம் படியும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

ரிவால்வர்: ருகர் நியூ வக்கேரோ. கோல்ட் நகல்களில் உபெர்டியும் பியெட்டாவும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் புதியவர் கை முரட்டுத்தனத்தைத் தாங்குவது ருகர்.

ரைஃபிள்: உபெர்டி 1873. மார்லின் 1894-ம் நல்ல துப்பாக்கிதான், விலையும் குறைவு. இருந்தாலும் 1873-ன் லீவர் ஓட்டம் கைக்குப் பழகிவிட்டால் வேறெதையும் தொடத் தோன்றாது.

ஷாட்கன்: 12 கேஜ், இரட்டைக் குழல், ஸ்டோகர் கோச் கன். சுட்ட ஓட்டைத் தானாக வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கக் கூடாது என்பது விதி. வாங்கிய கையோடு இரண்டு குழலின் அறைகளையும் பளபளவென்று மெருகேற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் சுட்ட ஓடு உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

உடனே செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ரிவால்வரில் மெல்லிய ஸ்பிரிங் மாட்டுவது. ஹேமர் இழுக்க லேசாக இருக்கும், ஆனால் அடி பலவீனமாகி, கடினமான பிரைமர் (ஹேமர் அடித்ததும் பற்றவைக்கும், தோட்டாவின் பின்பக்கச் சிறு மூடி) உள்ள தோட்டா ‘டிக்’ என்று நின்றுவிடும். லேசான ஸ்பிரிங் போட்டவர்கள் மென்மையான ஃபெடரல் பிரைமரையே தேடி அலைவது இதனால்தான். கடைத் தோட்டா சுடும் வரை ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

தோட்டா

முழு ஈயக் குண்டு மட்டுமே. தாமிர உறை போட்ட குண்டு எஃகில் பட்டுத் திரும்பி வரும். ஈயம் நசுங்கிச் சிதறிவிடும். வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ரிவால்வரில் விநாடிக்கு 1000 அடி, ரைஃபிளில் 1400 அடி.

குண்டின் முனை தட்டையாக இருக்க வேண்டும். ரைஃபிளில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை, முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டி நிற்கும். கூர் முனை அங்கே ஆபத்து.

1873 வாங்கியவர்கள் பலர் ‘ரைஃபிள் சிக்குகிறது’ என்று துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி தோட்டாவின் நீளம். இந்த ரைஃபிளில் தோட்டாவை மேலே தூக்கிக்கொண்டு போவது ஒரு பித்தளைக் கட்டை. தோட்டா மிகக் குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் பின்பகுதி அந்தக் கட்டைக்குள் நீட்டிக்கொண்டு வந்து, கட்டை மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். .38-ல் மொத்த நீளம் ஏறத்தாழ 1.45 அங்குலமாவது இருக்கிறதா என்று காலிப்பர் வைத்துப் பாருங்கள். 125 கிரெயின் எடையுள்ள தட்டை முனைக் குண்டு இதற்கு ஒத்துப்போகும்.

ஆறு ஸ்டேஜுக்கு .38-ல் 120, ஷாட்கனுக்கு 36 வரை செலவாகும். .38-ல் 150-ம், ஷாட்கன் தோட்டா இரண்டு பெட்டியும் எடுத்துப் போங்கள். ஷாட்கன் தோட்டாவின் உள்ளே இருக்கும் ஈயக் குருணை நாலாம் நம்பர் அளவாகவோ அதைவிடப் பொடியாகவோ இருக்க வேண்டும், உதைப்பும் குறைவாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வழவழப்பான ஓடாகப் பாருங்கள். கோடு கோடாக உள்ளவை அறையில் உரசி நிற்கும்.

ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது சுடும் இடத்தில் அல்ல, துப்பாக்கியை நிரப்பும் லோடிங் மேஜையில்தான். ஆறு அறை ரிவால்வரில் ஐந்து தோட்டாதான் போட வேண்டும். ஹேமர் காலி அறையின் மேல் இறங்கியிருக்க வேண்டும். பழைய வடிவமைப்பில் ஹேமரின் முனை நேராகப் பிரைமர் மேல் உட்காரும், துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கும். ருகரில் அதற்கான தடுப்பு உண்டு என்றாலும் விதி எல்லோருக்கும் ஒன்றே.

கோல்ட் வகையில் ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்துங்கள். தோட்டா போடும் வலப்பக்க வாயிலைத் திறந்தால், ஆறு அறைகளும் உள்ள சிலிண்டர் கையால் சுற்றும். ருகரில் ஹேமரைத் தொடவே வேண்டாம், வாயிலைத் திறந்தாலே போதும். இப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: ஒன்று போடு. ஓர் அறையை விடு. அடுத்த நான்கையும் போடு. கடைசித் தோட்டா வாயிலில் இருக்கும்போதே நிறுத்தி, வாயிலை மூடி, ஹேமரை முழுவதும் இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெதுவாக இறக்குங்கள். நீங்கள் விட்ட அறை சரியாக ஹேமருக்கு நேராக வந்து நிற்கும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. கோல்ட் வகையில் பாதி நிலையிலிருந்து ஹேமரை அப்படியே இறக்கிவிடுவார்கள். சிலிண்டர் பூட்டாமல் நிற்கும், மேலே கீறலும் விழும். முழுவதும் இழுத்த பிறகே இறக்க வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுக்க எண்ணிக்கை தப்பிவிடும். அப்போது ஊகம் வேண்டாம். ஐந்தையும் வெளியே தள்ளி முதலிலிருந்து தொடங்குங்கள். அரை நிமிட வேலை.

முடித்ததும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் பிடித்து, சிலிண்டருக்கும் பின்சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பாருங்கள். ஹேமருக்கு நேரே வெளிச்சம் தெரிய வேண்டும், பித்தளை விளிம்பு தெரியக் கூடாது. மேஜைப் பொறுப்பாளரிடமும் காட்டுங்கள். ஹேமருக்குக் கீழே சுடப்படாத தோட்டாவோடு மேஜையை விட்டு நகர்ந்தால் அந்த ஸ்டேஜே போய்விடும்.

ரைஃபிளில் பத்தும் மேகசினில், அறை காலி, ஹேமர் கீழே. ஷாட்கன் திறந்து காலியாக இருக்கும். டைமர் ஓடும்போதுதான் அதை நிரப்ப வேண்டும்.

ஷாட்கன் கை

நேரத்தை அதிகம் தின்பது இதுதான், வீட்டில் பழகக்கூடியதும் இதுதான். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துங்கள். உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

இடுப்புப் பெல்ட்டில் தோட்டாக்கள் இரண்டிரண்டாக ஒட்டி நிற்க வேண்டும். கட்டைவிரல் ஒருபக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் வைத்து இரண்டையும் சேர்த்து உருவுங்கள். பெல்ட்டில் பித்தளை கீழே இருப்பதால், கை மேலே வந்து திரும்பும்போது முன்முனைகள் அறைகளை நோக்கும். இரண்டு முனையும் அறை வாயைத் தொட்ட பிறகே பிடியை விடுங்கள். முன்னதாக விட்டால் ஒன்று தரையில் கிடக்கும். சுட்ட பின் திறந்து, துப்பாக்கியைச் சட்டென்று பின்னோக்கி ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு ஓடும் பறந்துவிடும். குழல் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை, இரண்டு வாரம் செய்யுங்கள்.

லீவரை முழுவதும் தள்ளுங்கள்

அவசரத்தில் லீவரைப் பாதி தள்ளி இழுத்தால் ஹேமர் காலி அறையில் விழும், அல்லது சுடப்படாத தோட்டா வெளியே குதிக்கும். குதித்துவிட்டால், பெல்ட்டில் செருகிய ஓர் உபரித் தோட்டாவை மேல்வழியாகப் போட்டுச் சுடலாம். பத்தும் முடிந்ததும் லீவரைத் திறந்தபடியே மேஜையில் வையுங்கள். உள்ளே ஓடோ தோட்டாவோ தங்கியிருந்தால் 10 விநாடி.

உடையும் உறையும்

முழுக்கை சட்டை, ஜீன்ஸ், பூட்ஸ், அகன்ற விளிம்புத் தொப்பி. முதல் வருடத்துக்கு இது போதும். டி-ஷர்ட், பேஸ்பால் தொப்பி, ஓடும் ஷூ கூடாது. பணத்தை உடையில் போடாமல் நல்ல தடிமனான தோல் பெல்ட்டிலும் துப்பாக்கி உறையிலும் போடுங்கள். இரண்டு உறையும் இரு பக்க இடுப்பில், நேராக. குறுக்கே செருகும் உறை வேண்டாம். அதிலிருந்து எடுக்கும்போது உடலைத் திருப்பத் தவறினால் குழல் வாய், இலக்குப் பக்கம் அனுமதிக்கப்பட்ட 170 டிகிரி எல்லையைத் தாண்டிவிடும். தண்டனை, ஸ்டேஜ் நீக்கம். துப்பாக்கியைத் தவறவிட்டால் காலியானதற்கு ஸ்டேஜ் நீக்கம், நிரம்பியதற்கு அன்றைய போட்டியே முடிந்தது. நழுவினால் தாவிப் பிடிக்காதீர்கள், விழட்டும். தண்டனையை ஏற்றுக்கொள்ளலாம், விரல் ட்ரிகரில் சிக்கக் கூடாது.

சொசைட்டியில் சேரும்போது பழைய மேற்கத்திய வாழ்க்கைக்குப் பொருந்தும் புனைபெயர் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது என்பதால் மூன்று நான்கு பெயர் கையில் வைத்திருங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் உறுப்பினராகாமலே சுட விடும் கிளப்புகளும் உண்டு.

ஸ்டேஜ் முடிந்ததும் நேராக அன்லோடிங் மேஜைக்கு. நான்கு துப்பாக்கியையும் காலி என்று பொறுப்பாளர் பார்த்துச் சொல்லும் வரை அங்கேயே நில்லுங்கள். கை நிறைய ஈயத் தூசி இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பையைத் திறக்காதீர்கள். அந்தச் சட்டையை வீட்டில் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.