பிள்ளைகள் ஊர் வேலையில் இறங்கும்போது பெரியவர்கள் செய்ய வேண்டியது

ஊத்துக்குளிப் பக்கத்து கிராமம் ஒன்றில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிற பிள்ளைகள் எங்கள் ஊர்க் குட்டையைச் சரிசெய்ய இறங்கியபோது கூடவே நின்றேன். உங்கள் ஊரிலும் இளவட்டங்கள் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் இது உதவும்.

எந்த வேலை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நாம் போய் "மரம் நடுங்க கண்ணு" என்றால் நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் திறந்து, பவானியின் உபரித் தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி, "நம்ம குட்டைக்குத் தண்ணி வந்தாலும் நிக்க எடம் எங்கீங்க்கா இருக்குது? பூரா சீமைக் கருவேலம்" என்றாள். அந்தக் கோபம்தான் கடைசிவரை அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

எங்கே கூடுவது என்பதில் கவனமாக இருங்கள். கோயில் மண்டபத்திலோ ஒருவர் தோட்டத்துச் சாளையிலோ (தோட்டத்து வீட்டிலோ) கூட்டம் போட்டால் காலனிப் பிள்ளைகள், அதாவது தலித் குடியிருப்புப் பிள்ளைகள், வாசலோடு நின்றுவிடுவார்கள். பள்ளிக்கூடத்து மரத்தடியோ நூலகமோ நல்லது. காலனியிலிருந்து இரண்டு பேரைப் பெயருக்கு உட்கார வைப்பது போதாது. பணம் வைத்திருப்பது, அதிகாரியிடம் பேசுவது, இந்த இரண்டில் ஒன்றாவது அவர்களிடம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பெண் பிள்ளைகள் வரவேண்டுமானால் பகலில் கூடுங்கள். அவர்கள் அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அதனால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

நம் தலையில் விழுகிற வேலை காகித வேலைதான். குட்டையின் சர்வே எண்ணை வைத்து, அது எந்த வகை நிலம் என்று இணையத்தில் 'அ' பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைக் கணக்கு) பார்க்கலாம். அது ஊராட்சியின் பொறுப்பா, ஒன்றியத்தின் பொறுப்பா, நீர்வளத்துறையின் பொறுப்பா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைத்தால் வம்பு பிள்ளைகள் மேல்தான் வரும். வண்டல் மண் எடுக்க வேண்டுமானால் தாசில்தார் அனுமதி தனியாக வேண்டும்.

கிராமசபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். பதினெட்டு ஆகாதவர்கள் மனுவை எழுதட்டும், பெரிய அண்ணனோ அக்காவோ முன்மொழியட்டும். எங்கள் பிள்ளைகள் முதலில் எழுதியது இரண்டு பக்கம், முழுக்க 'இயற்கை அன்னை'. நான் லிட்டர் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவர்களே அடித்து அடித்து அரைப் பக்கமாக்கினார்கள்: சர்வே எண், எவ்வளவு இடத்தில் முள், யார் எடுக்க வேண்டும், எந்த மாதத்துக்குள். அந்த அரைப் பக்கத்துக்குத்தான் பதில் கிடைத்தது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கலையுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

கூட்டத்தில் யாராவது பெரியவர் நடுவில் புகுந்தால், "இருங்க மாமா, புள்ள சொல்லி முடிக்கட்டும்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள். அதற்குமேல் வாயைத் திறக்க வேண்டாம்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். அது ஜேசிபி வேலை, பிள்ளைகளை அதன் கிட்டே விடாதீர்கள். பிளாஸ்டிக், பாட்டில் பொறுக்குவது, கரையைச் சீர்செய்வது அவர்கள் வேலை. பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. புதரில் கண்ணாடி விரியன் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

பணத்துக்கு ஒரே நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. வாரா வாரம் வரவு செலவை எழுதிப் பொது இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நாங்கள் சொசைட்டிச் சுவரில் ஒட்டினோம், பால் ஊற்ற வந்தவர்கள் படித்துவிட்டு அங்கேயே நூறு, இருநூறு கொடுத்தார்கள். பணம் தருகிறேன், என் படத்தோடு ஃப்ளெக்ஸ் வை என்று வருகிறவர்களும் உண்டு. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள்.

வேலையை மே மாதம் தொடங்குங்கள். பரீட்சையும் முடிந்திருக்கும், ஐப்பசி மழைக்கும் நாள் இருக்கும். பிளஸ் டூ முடித்தவர்கள் கோயம்புத்தூர், ஈரோடு என்று காலேஜுக்குப் போய்விடுவார்கள் என்பதால், பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவர் கூடவும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற ஒருவரை முதல் நாளிலிருந்தே சேர்த்து விடுங்கள். எங்கள் நோட்டு இப்போது பத்தாவது படிக்கிற பையனிடம் இருக்கிறது. குட்டைக்குத் தண்ணீர் வரும் பள்ளத்தில் முளைத்த முள்ளை எடுக்க அடுத்த கிராமசபைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான்.